செம்புத் தாள் ஒட்டியும் பேஸ் கிட்டார் ஏன் முனகுகிறது?

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நாட்டில் இருப்பவர்கள் பேஸ் கிட்டாரின் தடித்த இ தந்தியை மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டை) அழுத்தி மீட்டிப் பாருங்கள். எழும் சுரம் ஜி. அதன் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் மின்சாரத்துக்கும் அந்தச் சுரத்துக்கும் உள்ள இடைவெளி விநாடிக்கு ஓர் அதிர்வுதான். வயரிங் சரியில்லாத கருவியில் அந்த ஜியை நீட்டிப் பிடித்தால், ஒலி விநாடிக்கு ஒரு முறை உப்பித் தணிவதைக் காதாலேயே கேட்கலாம். மேலே போனாலும் இதே கதைதான்: திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ், மின்சாரத்தின் இரண்டாம் மடங்கு 100 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இருப்பவர்களும் தப்பவில்லை. அங்கே மின்சாரத்தின் அதிர்வெண் ஏ தந்தியின் முதலாம், இரண்டாம் ஃபிரெட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சாதாரண கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பதை வடிகட்டி எறிந்தால் அடிப்படை முனகலாவது போய்விடும். பேஸுக்கு அந்த வசதி கிடையாது. 50 ஹெர்ட்ஸை வெட்டினால் முனகலோடு சேர்ந்து சுரமும் போகும். வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் கருவிகள் உண்டு. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் கதவு திறந்துவிடும், சுரத்துக்கு அடியில் முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பேஸ் வாசிப்பவர் இந்த இரைச்சலைக் கருவிக்குள்ளேயே தடுத்தாக வேண்டும்.

அதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கருவியில் வயர்களும் பாகங்களும் இருக்கும் குழிகளுக்குள் செம்புத் தாள் ஒட்டுங்கள். ஒட்டியவர்களில் சிலருக்கு முழு அமைதி கிடைக்கிறது, சிலருக்குப் பாதி கிடைக்கிறது, சிலருக்கு எதுவும் மாறுவதில்லை. ஜாஸ் பேஸ் வகைக் கருவி ஒன்றில் நான் ஒரு முழு நாளைச் செலவிட்டேன். ஒவ்வொரு குழியையும் மூலை விடாமல் செம்பால் மூடினேன். மடிப்புகளைச் சால்டர் வைத்து இணைத்தேன். மாலையில் ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்டபோது கரகரப்பு சுத்தமாகப் போயிருந்தது. அடித்தொண்டை முனகல் மட்டும் வைத்தது வைத்தபடியே இருந்தது. அந்தக் கருவிக்கு இருந்தவை இரண்டு நோய்கள். நான் கொடுத்தது ஒன்றுக்கான மருந்து. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காக.

இரண்டு வழிகளில் வரும் இரைச்சல்

பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, தலைமுடியைப் போல மெல்லிய எனாமல் பூசிய செம்பு வயரை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அதனால் மின்னழுத்தம் பிறக்கிறது. புலத்தை ஏற்றி இறக்கியது தந்தியா, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரா என்று சுருளுக்குத் தெரியாது. மாறும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் அது மின்னழுத்தமாக மாற்றித் தரும். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார்கள், கனமான மின்னோட்டம் செல்லும் வயர்கள் ஆகியவற்றிலிருந்து வருவது இந்த வகை. காதுக்கு இது வழவழப்பான, தாழ்ந்த ‘ம்ம்ம்’ என்ற முனகலாகக் கேட்கும்.

இன்னொன்று மின்புலம் வழியாக வருகிறது. இதற்கு மின்னோட்டம்கூடத் தேவையில்லை. மின்னழுத்தம் இருந்தாலே போதும். அணைத்து வைத்த விளக்குக்குப் போகும் வயரும் தன்னைச் சுற்றி மின்புலத்தைப் பரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவில் காற்று இருந்தால் அது ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. சுவரிலுள்ள வயர் ஒரு பக்கம், உங்கள் பேஸின் சிக்னல் வயர் மறுபக்கம்.

எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரைச்சல் மூலத்தில் 10 வோல்ட் இருக்கிறது, அதற்கும் சிக்னல் வயருக்கும் இடையே 1 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி ஏறத்தாழ 320 கோடி ஓம் தடையாக நிற்கும். அதைக் கடந்து வரும் மின்னோட்டம் சுமார் 3 நானோ ஆம்பியர். சிக்னல் வயருக்கும் கிரவுண்டுக்கும் (சுற்றின் பொதுவான பூஜ்ய மின்னழுத்த முனை) இடையே 10 கிலோஓம் தடை இருந்தால், இந்த மின்னோட்டம் உண்டாக்கும் இரைச்சல் 30 மைக்ரோவோல்ட். தடை 100 கிலோஓம் என்றால் அதே மின்னோட்டம் 300 மைக்ரோவோல்ட்டாகிவிடும். பாசிவ் பேஸின் (உள்ளே பேட்டரி இல்லாதது) வயரிங் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் உலவுகிறது. அதிக மின்தடை கொண்ட சுற்று என்பதால்தான் அது இவ்வளவு எளிதில் இரைச்சலுக்கு இரையாகிறது.

இந்த வழியில் அதிர்வெண் கூடக் கூடத் தடை குறையும். 1000 ஹெர்ட்ஸில் அதே இடைவெளி இருபது மடங்கு எளிதாக வழிவிடும். ஆகவே விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர்களும் மின்மாற்று அடாப்டர்களும் உண்டாக்கும் கூர்மையான உயர் அதிர்வுகள் இதில் முந்திக்கொண்டு வருகின்றன. அதனால்தான் மின்புல இரைச்சல் முனகலாக இல்லாமல் ‘ஜ்ர்ர்’ என்ற கரகரப்பாகக் கேட்கிறது. காது பழகிவிட்டால், கருவியைத் திறப்பதற்கு முன்பே எந்த நோய் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

செம்பு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

மைக்கேல் ஃபாரடே 1836இல் ஓர் அறையை உலோகத் தாளால் மூடி, உள்ளே மின்புலம் நுழைவதில்லை என்று காட்டினார். பேஸின் குழிக்குள் ஒட்டும் செம்புத் தாள் அந்த அறையின் சிறு வடிவம். வெளியிலிருந்து வரும் மின்புலம் தாளில் வந்து முடிந்துவிடுகிறது. அங்கே தோன்றும் நானோ ஆம்பியர்கள் கிரவுண்டுக்கு வடிந்துவிடுகின்றன. தாளைக் கிரவுண்டுடன் இணைத்தே ஆக வேண்டும் என்பதன் காரணம் இதுதான். இணைக்காத தாள் தானும் மின்புலத்தில் மிதந்து, அதே இரைச்சலை உள்ளேயிருக்கும் வயர்களுக்குக் கைமாற்றி விடும். ஒட்டுவதற்கு முன்பைவிட ஒட்டிய பிறகு மோசமாகிவிட்டது என்று சொல்பவர்களின் கருவியைத் திறந்தால், பல நேரங்களில் இந்த ஓர் இணைப்பு விடுபட்டிருக்கும்.

சின்னச் சின்ன இடைவெளிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6000 கிலோமீட்டர். திருகு துளைகள் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சிக்னல் ஓடும் வயரோ முனையோ கவசத்துக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

காந்தப்புலத்திடம் இந்தத் தாள் தோற்றுவிடுகிறது. மாறும் காந்தப்புலத்தைச் செம்பு ஓரளவு தடுக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குத் தடிமன் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் புலத்தின் வலிமை மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான அளவுக்கு இறங்குவதற்கே 9 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த செம்பு தேவைப்படும். நாம் ஒட்டும் தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. காந்தப்புலத்துக்கு அது திறந்த ஜன்னல். இரும்பை வைத்து மறைக்கலாமே என்றால், இரும்பு பிக்கப்பின் சொந்தக் காந்தப்புலத்தையே இழுத்துத் திசைதிருப்பிவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் முனகலைத் தாள் ஒட்டிப் போக்க முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் நல்ல கருவிகளைப் பிரித்து மேய்ந்தவர்கள் ஏராளம்.

தந்தியைத் தொட்டால் ஏன் இரைச்சல் குறைகிறது

பேஸ் வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம் இது: கையை எடுத்தால் கரகரப்பு, தந்தியைத் தொட்டால் அமைதி. இதைப் பார்த்ததும் கிரவுண்ட் கெட்டுவிட்டது என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். உண்மை நேர் எதிரானது.

உங்கள் உடல் மின்சாரத்தைக் கடத்தும். அறையிலுள்ள மின்புலத்தில் அது சில வோல்ட்டுகளுக்கு ஏறி மிதந்துகொண்டிருக்கிறது. அறையிலேயே பிக்கப்புக்கு மிக நெருங்கியிருக்கும் பெரிய இரைச்சல் மூலம் நீங்கள்தான். சுவரிலுள்ள வயர் சில மீட்டர் தள்ளி, நீங்கள் சில சென்டிமீட்டரில். பேஸுக்குள் பிரிட்ஜின் (தந்திகளின் அடிமுனைகளைத் தாங்கும் பகுதி) அடியிலிருந்து ஒரு வயர், குமிழ்கள் அமைந்த கண்ட்ரோல் குழிக்கு வந்து கிரவுண்டில் சேர்கிறது. தந்திகள் உலோகம், பிரிட்ஜ் உலோகம். ஆகவே தந்தியைத் தொட்டதும் உங்கள் உடலும் கிரவுண்டாகிவிடுகிறது. இரைச்சல் மூலமாக இருந்த உடல், அந்தக் கணமே அறைக்கும் பிக்கப்புக்கும் நடுவில் நிற்கும் கவசமாக மாறிவிடுகிறது. நீங்கள் கருவிக்கு எர்த் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இங்கே கருவிதான் உங்களுக்குக் கிரவுண்ட் கொடுக்கிறது.

எனவே தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் வயர் நன்றாக இருக்கிறது என்று பொருள். குறைவாக இருப்பது கவசம். அந்தக் கருவிக்குச் செம்புத் தாள் ஒட்டுவது நிச்சயம் பலன் தரும். தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்குகிறது என்றால், பிரிட்ஜ் வயர் அறுந்திருக்கிறது அல்லது பிரிட்ஜின் அடியில் தொடாமல் கிடக்கிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் பல மடங்கு கூடுகிறது என்றால், ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் பிரிட்ஜும் தந்திகளும் சிக்னல் பக்கத்தில் போய் நிற்கும். தொடும் கை ஆன்டெனா ஆகிவிடும்.

பிரிசிஷனும் ஜாஸும்

கருவியின் வகையே பாதி விடையைச் சொல்லிவிடும். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தது. 1957இல் அதை இரண்டாகப் பிளந்தார்கள்: இ, ஏ தந்திகளுக்கு ஒரு பாதி, டி, ஜி தந்திகளுக்கு இன்னொரு பாதி. ஒரு பாதியின் காந்த முனை மேல்நோக்கி வடக்கு என்றால் மறுபாதியில் தெற்கு. சுருள் இணைக்கப்படும் திசையும் எதிர். தந்தியின் சிக்னலுக்கு இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அது கெடுவதில்லை. வெளியிலிருந்து வரும் முனகலுக்குக் காந்த முனையோடு தொடர்பில்லை. அதற்குச் சுருளின் திசை மட்டுமே மாறுகிறது. ஒரு பாதியில் ஏறும்போது மறுபாதியில் இறங்கி, இரண்டும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன. இவ்வளவு எளிமையான ஓர் ஏற்பாடு இத்தனை ஆண்டுகளாக மேடைகளில் நின்றுகொண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பெரியது. பிளந்த சுருள் கொண்ட பிரிசிஷன் பேஸ் இரைந்தால் சந்தேகம் பிக்கப்பின் மேல் விழ வேண்டியதில்லை. கவசம், கிரவுண்ட் இணைப்பு, கேபிள் ஆகியவற்றில்தான் கோளாறு. மூன்றும் சரிசெய்யக் கூடியவை.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்திருப்பதால், இரண்டு வால்யூம் குமிழ்களும் சமமாகத் திறந்திருக்கும்போது முனகல் அழிகிறது. ஒன்றைச் சற்றுக் குறைத்தாலும் சமநிலை குலைந்து முனகல் எட்டிப்பார்க்கும். ஒன்றை முழுக்க மூடினால் முழு முனகலும் வரும். இது கோளாறு அல்ல, அமைப்பின் இயல்பு. இரண்டையும் சமமாகத் திறந்தும் முனகல் போகவில்லை என்றால்தான் ஆராய வேண்டும். பிக்கப் மாற்றியபோது ஒரே திசையில் சுற்றிய இரண்டைப் போட்டுவிட்டிருக்கலாம்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். கேபிளையும் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. கேபிளின் வெளிப்பின்னல் அறுந்திருந்தால் கருவிக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. பிறகு வாசிக்கும் நிலையிலேயே நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சில திசைகளில் முனகல் கூடி, சில திசைகளில் ஏறத்தாழ மறைந்தால் அது காந்தப்புலம். சுருளின் அச்சு புலத்துக்குக் குறுக்காக வரும்போது அது எதையும் பிடிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரை விட்டு இரண்டு எட்டுத் தள்ளி நிற்பதாலும் பெரிய மாற்றம் தெரியும்.

வால்யூம் குமிழ் இன்னொரு நல்ல சாட்சி. பிரிசிஷன் வகையில் குமிழை முழுக்க மூடினால் சிக்னல் வயர் நேராகக் கிரவுண்டில் சேர்ந்துவிடும். அப்போதும் இரைச்சல் இருந்தால் அது பிக்கப்பிலிருந்து வரவில்லை; ஜாக், கேபிள், ஆம்ப்ளிஃபயர் இவற்றில் தேடுங்கள். இனி மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். நடுவில் எங்கோ கரகரப்பு உச்சத்துக்கு ஏறி, முழுக்கத் திறந்ததும் குறைந்தால் அது மின்புல இரைச்சல். 250 கிலோஓம் குமிழ் மின்னளவில் பாதியில் நிற்கும்போது, வெளியே தெரியும் மின்தடை 65 கிலோஓம் வரை ஏறுகிறது; முழுக்கத் திறந்தால் பிக்கப்பின் 10 கிலோஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேலே போட்ட கணக்கு இங்கே காதில் கேட்கிறது.

ஜாஸ் பேஸில் இந்தச் சோதனை அப்படியே செல்லாது. ஒரு குமிழை மூடினால் மற்றதும் மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அங்கே பிக்கப்பைக் குமிழின் நடு முனையில் இணைத்திருப்பார்கள். இரண்டையும் மூடினாலும் சிக்னல் வயர் நேராகக் கிரவுண்டில் சேராது. நடுவே இரண்டு குமிழ்களின் மின்தடை சுமார் 125 கிலோஓமாக நிற்கும். மூடிய நிலையில் ஜாஸ் பேஸ் கரகரத்தால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கைவேலை

தாளுக்கு முன் கிரவுண்ட். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் வெளி உலோகத்தில் வைத்து, மறுமுனையால் பிரிட்ஜ், தந்திகள், கண்ட்ரோல் தகடு, குமிழ்களின் உலோக உடல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். தந்தியில் மட்டும் சற்றுக் கூடினால் பரவாயில்லை. பிரிட்ஜில் எதுவும் காட்டவில்லை என்றால் பிரிட்ஜைக் கழற்றுங்கள். அடியில் ஒரு வெற்று வயர் மரத்தோடு அழுந்திக் கிடக்கும். அது கறுத்திருக்கலாம், குட்டையாகி உள்ளே போயிருக்கலாம், அதன்மேல் வார்னிஷ் படிந்திருக்கலாம். நுனியை உரசிச் சுத்தம் செய்து, இழைகளை விசிறிபோல விரித்து வைத்து, பிரிட்ஜைத் திரும்ப இறுக்கினால் போதும். செம்புத் தாள் வாங்கப் புறப்பட்டவர்களில் பலருக்கு இந்த ஒரு வேலையோடு பிரச்சினை முடிந்துவிடும்.

குமிழின் உடலில் வைத்த சால்டர் அடுத்த சந்தேகம். அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; சிறிய கோலால் வைத்தால் சால்டர் பரவாமல் மணியாக உருண்டு நிற்கும், ஆட்டினால் பெயர்ந்து வரும். 40 வாட்டுக்குக் குறையாத, அகன்ற நுனியுள்ள கோல் வேண்டும். பரப்பைச் சுரண்டி, இரண்டு மூன்று விநாடிகளில் வைத்து முடித்துவிட வேண்டும். நீண்ட நேரம் சுட்டால் குமிழின் உள்ளே இருக்கும் கரித் தடம் கெடும்.

இனித் தாள். குழியின் அடியிலும் சுவர்களிலும் ஒட்டி, விளிம்பில் ஓரிடத்திலாவது தாளை மேலே மடித்துக் கருவியின் முகத்துக்குக் கொண்டு வாருங்கள். மூடியின் அடிப்பக்கம் ஒட்டிய தாள், திருகை இறுக்கியதும் அந்த மடிப்பின் மேல் வந்து அழுந்த வேண்டும். மூடியில்லாத பெட்டி பாதிக் கவசம்தான்; பிக்கார்டின் (கருவியின் முகத்தில் திருகிய தகடு) அடியை மறந்துவிட்டு உட்புறத்தை மட்டும் அழகாக ஒட்டியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று உறையில் எழுதியிருந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் மீட்டரால் சோதித்து, துண்டுகள் சேரும் இடங்களில் சொட்டுச் சால்டர் வையுங்கள். அலுமினியத் தாளும் கவசமாக வேலை செய்யும். ஆனால் சாதாரணச் சால்டர் அதில் பிடிக்காது, திருகும் வளையமும் வைத்தே வயரை இணைக்க வேண்டும். மூலைமுடுக்கு நிறைந்த குழிகளுக்குக் கரித்தூளோ நிக்கலோ கலந்த, மின்சாரம் கடத்தும் பெயின்ட் எளிது. அதன் மின்தடை செம்பைவிட மிக அதிகம்தான். ஆனால் கவசம் வடிக்க வேண்டியது நானோ ஆம்பியர்களை. சில நூறு ஓம் அதற்குத் தடையே ஆகாது. இரண்டு மூன்று பூச்சு பூசி நன்கு காயவிடுங்கள்.

செம்பு ஒட்டி முடித்ததும் கருவி ஊமையாகிவிட்டால் பதற வேண்டாம். ஜாக்கின் சிக்னல் முனையோ, குமிழின் கால் ஒன்றோ தாளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வெறும் ஜாக்கில் தொடாமல் இருந்தது, பிளக்கைச் செருகும்போது முனை வளைந்து சுவரைத் தொடும். ஆகவே பிளக் உள்ளே இருக்கும் நிலையிலும் சோதியுங்கள். அந்தச் சுவரில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

எல்லாக் கிரவுண்ட் வயர்களையும் ஒரே புள்ளியில்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கருவிக்குள்ளேயே வளையம் உண்டாகி முனகும் என்ற அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நட்சத்திர வடிவக் கிரவுண்ட் என்று அதைச் சொல்வார்கள். என் கருத்தில் பேஸுக்குள் அது தேவையற்ற கவலை. கைப்பிடி அளவுக் குழியில் தோன்றும் வளையம் ஒரே ஒரு சுற்று. பக்கத்தில் இருப்பதோ ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருள். முனகலைப் பிடிக்கும் போட்டியில் வளையம் கண்ணுக்கே தெரியாது. ஒரே புள்ளிக்காக நல்ல இணைப்புகளை அறுப்பதைவிட, எல்லா இணைப்பும் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

கருவிக்குள் பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ்களில் ப்ரீஆம்ப் (சிக்னலை வலுப்படுத்தும் சிறு சுற்று) வெளியேற்றும் சிக்னலின் மின்தடை மிகக் குறைவு. ஆகவே அதற்குப் பின்னால் வரும் வயரும் கேபிளும் இரைச்சலை எளிதில் பிடிப்பதில்லை. ஆனால் பிக்கப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரையிலான பகுதி பாசிவ் கருவியைப் போன்றதே. அங்கே கவசம் வேண்டும். ப்ரீஆம்ப் பிக்கப்புக்குள்ளேயே அடங்கிய இ.எம்.ஜி நிறுவனத்தின் பிக்கப்புகள் போன்றவை விதிவிலக்கு. அவை உள்ளேயே கவசம் இடப்பட்டவை. பிரிட்ஜுக்குக் கிரவுண்ட் வயர் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

கருவிக்கு வெளியே

வீட்டில் அமைதியாக இருந்த பேஸ் மேடையில் முனகினால், அது பெரும்பாலும் எர்த் வளையம். உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கெட்டில் எர்த் ஆகியிருக்கிறது, ஒலிபெருக்கி அமைப்பு வேறொரு சாக்கெட்டில். இரண்டையும் டி.ஐ. பெட்டியின் (பேஸின் சிக்னலை ஒலிபெருக்கி அமைப்புக்கு அனுப்பும் பெட்டி) கேபிள் இணைத்ததும் பெரிய வளையம் உருவாகி அதில் மின்னோட்டம் ஓடுகிறது. இந்த வளையம் கருவிக்குள் இருப்பதைப் போல அற்பமானது அல்ல. கட்டடத்தின் நீளத்துக்கு விரியும். டி.ஐ. பெட்டியில் அந்தக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இதற்காகவே வைக்கப்பட்டது. கணினியில் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: எர்த் முனை இல்லாத சார்ஜரில் மடிக்கணினி ஓடும்போது அதன் வழியாகக் கசியும் மின்னழுத்தம் கரகரப்பாக வரும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் காரணம் அதுதான்.

முனகலை நிறுத்துவதற்காக மின் பிளக்கின் எர்த் முனையை உடைப்பதும், டேப் சுற்றி மறைப்பதும் உண்டு. தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் கை தந்தி வழியாக, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு நேராக இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் ஒரு கோளாறு வந்தால் முழு மின்னழுத்தமும் தந்திக்கு வரும். இன்னொரு பக்கமும் உண்டு: உங்கள் பேஸ் சரியாக எர்த் ஆகியிருந்து, உதட்டைத் தொடும் மைக்கில் கோளாறு இருந்தாலும் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

இதற்குக் காப்பாக, பிரிட்ஜ் வயரின் நடுவில் 0.33 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் மின்னோட்டத்தை அது வழிவிட்டு, ஆபத்தான மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பது எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 9,600 ஓம். 230 வோல்ட்டில் 24 மில்லி ஆம்பியர் வரை பாயவிடும். பிடித்ததை விட முடியாமல் தசை இறுகிப்போக அதுவே போதும். மேலும் கையோ உதடோ ஜாக் தகட்டையும் மைக்கையும் தொட்டால் மின்தேக்கி நடுவில் வருவதே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. வழியாக ஆம்ப்ளிஃபயரைச் செருகுவது இதைவிடப் பல மடங்கு மேலான காப்பு. மேடையில் வாசிப்பவர்கள் தங்கள் பையில் அப்படிப்பட்ட அடாப்டர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன என் ஜாஸ் வகைக் கருவி. அதன் கரகரப்பைச் செம்பு நிறுத்திவிட்டது. எஞ்சியது பின் பிக்கப்பை மட்டும் திறக்கும்போது வரும் முனகல். அதைத் தீர்க்க, பழைய பிக்கப்பின் உருவத்துக்குள்ளேயே இரண்டு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ எதிர்த்திசையில் அடக்கிய பிக்கப்புகள் கிடைக்கின்றன. முனகல் போகும், ஒலியின் தன்மையும் சற்று மாறும். அந்தப் பழைய ஒற்றைச் சுருளின் திறந்த, கூரிய ஒலி எனக்கு வேண்டியிருந்ததால் நான் மாற்றவில்லை. பதிவு செய்யும் நாளில் அந்தப் பிக்கப்பை மட்டும் திறந்து வைத்து நாற்காலியை மெல்லத் திருப்புவேன். முனகல் மறையும் ஒரு கோணம் எல்லா அறையிலும் இருக்கிறது. அங்கே நாற்காலிக் கால்களின் இடத்தைத் தரையில் டேப்பால் குறித்துவிட்டுத்தான் வாசிக்க உட்காருவேன்.